ஹெச்டி 650-க்கு வால்வு ஆம்ப்ளிஃபயரா, சாலிட் ஸ்டேட்டா?

நீங்கள் கேட்டது இது. சென்ஹைசர் ஹெச்டி 650, ஹைஃபைமேன் சுந்தரா என்று இரண்டு ஹெட்ஃபோன்கள் கையில் இருக்கின்றன. இப்போதைக்கு லேப்டாப்பிலேயே சொருகிக் கேட்கிறீர்கள். கச்சேரிப் பதிவுகளும் பழைய சினிமாப் பாட்டும்தான் அதிகம். வால்வு ஆம்ப் (சூடாகி ஒளிரும் கண்ணாடிக் குழாய்களால் ஓடுவது) வாங்கினால் குரல் குழைவாக, நிறைவாக இருக்கும் என்று ஒருவர் சொல்கிறார். ட்ரான்சிஸ்டரில் ஓடும் சாலிட் ஸ்டேட்தான் சுத்தமான சத்தம், வால்வெல்லாம் பழைய கதை என்று இன்னொருவர் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் சாலிட் ஸ்டேட் ஒன்றை வாங்குங்கள். அது உங்களிடம் இருக்கும் இரண்டுக்கும் பொருந்தும். அதற்குப் பிறகும் வால்வு ஆசை இருந்தால், ஹெச்டி 650-க்காக மட்டும் ஒரு ஓடிஎல் வகை (அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாத) வால்வு ஆம்ப் வாங்கலாம். அந்த ஜோடி உண்மையிலேயே நன்றாக இருக்கும், நான் ரசித்துக் கேட்கிற ஜோடி அது. சுந்தராவை மட்டும் அதில் சொருக வேண்டாம். காரணம் புரிந்துவிட்டால் நாளைக்கு வேறு ஹெட்ஃபோன் வாங்கினாலும் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் விஷயம், உங்கள் ஹெட்ஃபோனுக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்பது. விளம்பரங்களில் 2 வாட், 3 வாட் என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து வாங்கக் கூடாது. ஹெச்டி 650-க்கு சென்ஹைசர் கொடுக்கும் கணக்கு, 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல். இம்பீடன்ஸ், அதாவது கரன்ட்டுக்கு அது காட்டும் எதிர்ப்பு, 300 ஓம். மிருதங்கத்தில் விழும் ஒரு பலத்த அடி கண நேரத்துக்கு 110 டெசிபலைத் தொடட்டும் என்று வைத்துக்கொள்வோம். தாராளமான உச்சம் அது. தொடர்ந்து அந்தச் சத்தத்தில் கேட்டால் காது கெட்டுவிடும். அந்த அடிக்கு ஹெச்டி 650 கேட்பது 2.24 வோல்ட், 7.5 மில்லி ஆம்பியர், ஆக மொத்தம் 17 மில்லிவாட். வாட் இல்லை, மில்லிவாட்.

சுந்தராவின் கணக்கு வேறு. 37 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 94 டெசிபல். அதே 110 டெசிபலுக்கு 40 மில்லிவாட் வேண்டும். வோல்ட்டாகப் பார்த்தால் 1.2 போதும், ஆனால் கரன்ட் 33 மில்லி ஆம்பியர் ஆகிவிடுகிறது. மேல்மாடி டேங்க்குக்குத் தண்ணீர் ஏற்ற அழுத்தம் வேண்டும், வயலுக்குப் பாய்ச்ச அளவு வேண்டும். ஹெச்டி 650 மேல்மாடி டேங்க், சுந்தரா வயல். ஹைஃபைமேனின் பழைய ஹெச்இ-6 மாதிரி ஒரு ஹெட்ஃபோன் இருந்தால்தான் விஷயம் கடினமாகிறது. 50 ஓம், 83.5 டெசிபல் மட்டுமே. அதே உச்சத்துக்கு 450 மில்லிவாட், 4.7 வோல்ட், 95 மில்லி ஆம்பியர் கேட்கும். அதை ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயரிலேயே இணைத்துக் கேட்டவர்கள் உண்டு. உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. பல லேப்டாப்களின் ஜாக்கும், ஆப்பிளின் சின்ன யூஎஸ்பி-சி டாங்கிளும் 1 வோல்ட் வாக்கில் தருகின்றன (ஐரோப்பாவில் விற்கும் டாங்கிள் பாதிதான் தரும்). அதாவது நீங்கள் இப்போதே ஹெச்டி 650-இல் 103 டெசிபல் வரைக்கும் போக முடிகிறது. ஆகவே புது ஆம்ப் வந்ததும் திரை விலகி வேறொரு உலகம் தெரியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என்ன கிடைக்கும்? தாழ்ந்த அளவில் பதிவான பழைய கச்சேரிகளைத் தேவையான அளவுக்கு ஏற்றிக் கேட்கலாம். தனி டிஏசியும் (டிஜிட்டலை ஒலி சிக்னலாக மாற்றும் பகுதி) சேர்ந்தால் லேப்டாப்பின் உள்ளிருந்து வரும் இரைச்சல் போகும். கைக்கு ஒரு நல்ல வால்யூம் குமிழ் கிடைக்கும். இவையெல்லாம் பணம் கொடுத்து வாங்கத் தகுந்தவைதான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஹெட்ஃபோனில் ‘ட்யூப் சவுண்ட்’ (ட்யூப் என்பதும் வால்வுதான்) என்று பேசப்படுவதில் பெரும்பங்கு வால்வின் மாயத்தால் வருவதில்லை. ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் இம்பீடன்ஸும் ஹெட்ஃபோனின் இம்பீடன்ஸும் சந்திக்கும் இடத்தில் வருகிறது.

ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயருக்குள்ளும் வெளியே போகும் வழியில் ஒரு ரெசிஸ்டர் இருப்பது போலத்தான். அது வோல்டேஜில் ஒரு பங்கைத் தான் எடுத்துக்கொண்டு மீதியை ஹெட்ஃபோனுக்கு விடுகிறது. இன்றைய நல்ல சாலிட் ஸ்டேட் ஆம்ப்களில் அது 1 ஓமுக்கும் குறைவு. ஆகவே எடுத்துக்கொள்வது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். வால்வு ஓடிஎல் ஆம்ப்களில், அதாவது அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் வால்விலிருந்து கெப்பாசிட்டர் வழியாக நேராக ஹெட்ஃபோனுக்குப் போகும் வகையில், அது 100 ஓம் பக்கம் இருக்கும். அமெரிக்காவின் பாட்டில்ஹெட் விற்கும், நாமே சேர்த்துக் கட்டும் கிராக் என்ற கிட்டில் சுமார் 120 ஓம்.

ஹெட்ஃபோனின் இம்பீடன்ஸ் எல்லா ஃப்ரீக்வன்சியிலும் ஒரே மாதிரி இருந்தால் இந்த 120 ஓமால் ஒரு கெடுதலும் இல்லை. மொத்தச் சத்தமும் கொஞ்சம் குறையும், குமிழைத் திருகினால் சரியாகிவிடும். ஆனால் ஹெச்டி 650 போன்ற டைனமிக் ஹெட்ஃபோனில் (கம்பிச் சுருள் ஒட்டிய டயாஃப்ரம் அதிரும் வகை) அப்படி இல்லை. 300 ஓம் என்பது பெயருக்கு. அதன் டயாஃப்ரம் இயல்பாகவே அதிகம் அதிரும் இடம், அதாவது ரெசனன்ஸ், விழும் 80 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இம்பீடன்ஸ் 500 ஓம் அளவுக்கு எழும்பி நிற்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 ஓம் இருக்கும் இடத்தில் ஹெட்ஃபோனுக்கு வந்து சேர்வது 420-இல் 300 பங்கு, அதாவது 71 சதவீதம். 500 ஓம் இருக்கும் இடத்தில் 620-இல் 500 பங்கு, 81 சதவீதம். இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 1 டெசிபல். 90 ஹெர்ட்ஸைச் சுற்றி அகலமாக, மெதுவாக ஒரு மேடு எழும்புகிறது.

ஒரு டெசிபல்தானே என்று நினைக்கலாம். அது எங்கே விழுகிறது என்று பாருங்கள். 1 கட்டையில் பாடும் ஆண் பாடகருக்கு ஸட்ஜம் 131 ஹெர்ட்ஸ். மந்தர பஞ்சமம் 98 ஹெர்ட்ஸ். அவர் ராகத்தை ஆரம்பிக்கும்போது கீழே இறங்கி நிற்கும் அந்தப் பஞ்சமம் சரியாக மேட்டின் மேல் உட்காருகிறது. தம்புராவின் பஞ்சமத் தந்தியும் அங்கேதான். ஹெச்டி 650-இல் அடி பேஸ் இயல்பாகவே கொஞ்சம் மெலிவு. அங்கே ஒரு டெசிபல் சேரும்போது குரலுக்கு அடித்தளம் கிடைத்த மாதிரி இருக்கும். ‘வார்ம்’ என்று எல்லோரும் சொல்லும் அந்தக் குழைவு பொய்யில்லை. காதுக்குக் கேட்கிறது, அளந்தாலும் தெரிகிறது. அது வருவது எங்கிருந்து என்பதில்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

இதே 120 ஓம் ஆம்ப்பில் 32 ஓம் டைனமிக் ஹெட்ஃபோன் ஒன்றைச் சொருகினால்? பேஸ் ரெசனன்ஸில் அது 100 ஓமுக்கு எழும்புகிறது என்று ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். 32 ஓமில் 21 சதவீதம், 100 ஓமில் 45 சதவீதம். வித்தியாசம் 6 டெசிபலையும் தாண்டுகிறது. அதைக் குழைவு என்று சொல்ல முடியாது, மிருதங்கத்தின் தொப்பி குடத்துக்குள் அடிப்பது போல வீங்கிக் கேட்கும். இதைத் தவிர்க்கத்தான் ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் ஹெட்ஃபோனின் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்ற நடைமுறை வந்தது. 32 ஓம் ஹெட்ஃபோன் என்றால் 4 ஓமுக்குள். சில ஐஇஎம்களுக்குள் (காதுக்குள் சொருகும் இயர்போன்கள்) ஒலி எழுப்பும் ட்ரைவர்கள் பல இருப்பதால் இம்பீடன்ஸ் தாறுமாறாக ஏறி இறங்கும். அவற்றுக்கு இன்னும் கண்டிப்பாக, 1 ஓமுக்குள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சின்ன விஷயம் சேர்த்துவிடுகிறேன். பழைய ரிசீவர்களிலும் ஸ்டீரியோ ஆம்ப்களிலும் ஹெட்ஃபோன் ஜாக் இருக்கும் அல்லவா? அவற்றில் பெரும்பாலும் ஸ்பீக்கர் அவுட்புட்டிலிருந்தே ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாக எடுத்துக் கொடுத்திருப்பார்கள். அவை முழுக்க ட்ரான்சிஸ்டர் ஆம்ப்கள்தான். ஆனாலும் ஹெச்டி 650-ஐச் சொருகினால் அதே குழைவு வரும்! வீட்டில் அப்பா காலத்து ஆம்ப் ஒன்று ஓடும் நிலையில் இருந்தால் முயன்று பாருங்கள்.

இப்போது சுந்தராவுக்கு வருவோம். அது பிளேனர், அதாவது தட்டையான மெல்லிய படலம் அதிரும் வகை. இம்பீடன்ஸ் கீழிருந்து மேல்வரை நேர்கோடு மாதிரி இருக்கும். ஆகவே 120 ஓம் ஆம்ப்பில் சொருகினாலும் டோன் மாறாது, குழைவும் வராது. வருவது பலவீனம் மட்டும். 157-இல் 37 பங்குதான் ஹெட்ஃபோனுக்குப் போகிறது, 1.2 வோல்ட் வேண்டுமென்றால் வால்வு 5 வோல்ட்டுக்கு மேல் தர வேண்டும், கூடவே 33 மில்லி ஆம்பியர் கரன்ட்டும். சின்ன ஓடிஎல் ஆம்ப்களில் அவுட்புட் வால்வு சும்மா இருக்கும்போது ஓடும் கரன்ட்டே சில பத்து மில்லி ஆம்பியர்தான். அந்த எல்லையை நெருங்கும்போது டிஸ்டார்ஷன் (ஒலியில் வரும் திரிபு) கிடுகிடுவென ஏறும். சுந்தராவை ஓடிஎல்லில் சொருக வேண்டாம் என்று மேலே சொன்னது இதனால்தான்.

ஹார்மோனிக் (மூல ஒலியின் இரு மடங்கு, மும்மடங்கு ஃப்ரீக்வன்சிகள்) பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வால்வு என்றதும் எல்லோரும் சொல்வது அதைத்தான். சிங்கிள் எண்டட் ட்ரயோட் என்ற எளிய வகை வால்வு சர்க்யூட் சேர்க்கும் டிஸ்டார்ஷனில் பெரும்பகுதி இரண்டாவது ஹார்மோனிக். நம் கணக்கில் சொன்னால், ஸட்ஜம் வாசித்தால் அதோடு மேல் ஸட்ஜம் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது ஹார்மோனிக் என்றால் அதற்கும் மேலே உள்ள பஞ்சமம். இரண்டுமே தம்புராவில் ஏற்கெனவே தாராளமாக இருப்பவை. அதனால்தான் வால்வின் டிஸ்டார்ஷன் காதை உறுத்துவதில்லை என்கிறார்கள், அது நியாயமான பேச்சுதான். ஆனால் அளவையும் பார்க்க வேண்டும். 0.1 சதவீதம் என்றால் மூல ஒலிக்கு 60 டெசிபல் கீழே. 1 சதவீதம் என்றாலும் 40 டெசிபல் கீழே. வீணைத் தந்தியின் சொந்த ஹார்மோனிக்குகளே இதைவிடப் பல மடங்கு பலமாக இருக்கும்போது, வால்வு சேர்க்கும் துளி அதற்குள் மறைந்துவிடுகிறது. நல்ல வால்வு ஆம்ப்பில் சாதாரணச் சத்தத்தில் கேட்கும்போது இரண்டாவது ஹார்மோனிக்கை நான் தனியாகக் கேட்டேன் என்று சொல்பவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

டிஸ்டார்ஷன் நிஜமாகவே அதிகமாக இருக்கும் ஆம்ப்பில் வேறு ஒன்று நடக்கும். வயலின், மிருதங்கம், கடம், குரல் எல்லாம் ஒன்றாக ஒலிக்கும்போது அவற்றின் கூட்டல் கழித்தல் ஃப்ரீக்வன்சிகள் உருவாகும். இவை எந்த ஸ்வரத்தோடும் சேராதவை. தனி ஆலாபனையில் தேன் மாதிரி இருந்த ஆம்ப், தனி ஆவர்த்தனம் முடிந்து எல்லோரும் சேரும் இடத்தில் கலங்கிப் போவது இதனால். வால்வு ஆம்ப் சோதிக்கப் போனால் குரல் மட்டும் உள்ள பதிவை எடுத்துப் போகாதீர்கள். ஆர்க்கெஸ்ட்ரா நிறைந்த ஒரு சினிமாப் பாட்டையும் எடுத்துப் போங்கள்.

வால்வு மென்மை, ட்ரான்சிஸ்டர் கரடு என்ற பேச்சுக்கு ஆதாரமாக ஒரு பழைய கட்டுரையை அடிக்கடி காட்டுவார்கள். ரஸ்ஸல் ஹாம் 1973-இல் ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டியின் இதழில் எழுதியது. அவர் ஆராய்ந்தது ஸ்டுடியோவின் மைக்ரோஃபோன் ப்ரீஆம்ப்களை, அதுவும் அவை ஓவர்லோடு ஆகும்போது என்ன நடக்கிறது என்பதை. கத்திப் பாடும் பாடகரோ டிரம்ஸோ மைக்குக்குப் பக்கத்தில் இருந்தால் ப்ரீஆம்ப் எல்லையைத் தாண்டும். அப்போது வால்வில் ஒலி உடைவதும் ட்ரான்சிஸ்டரில் ஒலி உடைவதும் வேறு வேறு விதம். கிட்டார் ஆம்ப்பிலும் அப்படித்தான். அங்கே அந்த உடைவே வாத்தியத்தின் குரல். ஆனால் 17 மில்லிவாட்டில் ஹெச்டி 650-ஐ ஓட்டும் ஆம்ப் எந்த எல்லையையும் தொடுவதில்லை. அந்தக் கட்டுரையின் முடிவை அப்படியே தூக்கி ஹெட்ஃபோன் ஆம்ப் மேல் வைக்க முடியாது.

இதைவிட எனக்குப் பிடித்த சான்று 1985-இல் நடந்தது. ஆம்ப்ளிஃபயர் வடிவமைப்பாளர் பாப் கார்வர், அமெரிக்காவின் ஸ்டீரியோஃபைல் இதழாளர்களிடம் ஒரு சவால் விட்டார். நீங்கள் விரும்பும் எந்த விலையுயர்ந்த ஆம்ப்பைக் கொடுத்தாலும், என் மலிவான சாலிட் ஸ்டேட் ஆம்ப்பை அதே மாதிரி ஒலிக்க வைக்கிறேன் என்றார். அவர்கள் ஒரு பெரிய வால்வு ஆம்ப்பைக் கொடுத்தார்கள். கார்வர் ஹோட்டல் அறையிலேயே உட்கார்ந்து, இரண்டு ஆம்ப்களின் அவுட்புட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிச்சம் இருக்கும் வித்தியாசம் 70 டெசிபல் கீழே போகும் வரை தன்னுடையதை மாற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவர்களால் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை. வால்வின் குணம் வால்வுக்குள் பூட்டிக் கிடப்பதில்லை, அது ஃப்ரீக்வன்சி ரெஸ்பான்ஸாகவும் அவுட்புட் இம்பீடன்ஸாகவும் கொஞ்சம் டிஸ்டார்ஷனாகவும் வெளியே வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரியாது.

அப்படியென்றால் நீங்கள் காசு செலவழிக்கும் முன்பே அந்தக் குழைவைக் கேட்டுப் பார்க்க வழி இருக்கிறது. விண்டோஸ் என்றால் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். 90 ஹெர்ட்ஸில், அகலமான வளைவாக, 1 டெசிபல் ஏற்றுங்கள். ஒலியின் உச்சம் வெட்டுப்படாமல் இருக்க அதிலுள்ள ப்ரீஆம்ப் அளவை 2 டெசிபல் குறைத்துவிடுங்கள். ஹெச்டி 650-இல் ஒரு வாரம் அப்படியே கேளுங்கள். பிறகு அதை எடுத்துவிட்டுக் கேளுங்கள். இழந்த மாதிரி இருந்தால் ஓடிஎல் ஆம்ப் உங்களுக்குப் பிடிக்கும். வித்தியாசமே தெரியவில்லை என்றால் பணம் மிச்சம். 1 டெசிபல் போதாது, 3 வேண்டும் என்று தோன்றினால் அதை எந்த வால்வும் ஹெச்டி 650-க்குத் தராது, ஈக்வலைசர்தான் தரும்.

இரண்டு ஆம்ப்களை நேரில் ஒப்பிடும் வாய்ப்பு கிடைத்தால் சத்தத்தைச் சமன் செய்யாமல் ஒப்பிடாதீர்கள். அரை டெசிபல் கூடுதலாக ஒலிப்பது எப்போதும் தெளிவாக, உயிரோட்டமாகத் தோன்றும். கூடுதல் சத்தம் என்று காது அதை அடையாளம் காண்பதில்லை, ‘நல்ல ஆம்ப்’ என்றே சொல்லிவிடும். 2 வோல்ட் ஏசி ரேஞ்ச் உள்ள ஒரு மல்டிமீட்டர் போதும். 400 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை ஓடவிட்டு, ஒரு ஸ்ப்ளிட்டர் வைத்து, ஹெட்ஃபோன் சொருகியிருக்கும் நிலையிலேயே வோல்டேஜை அளந்து இரண்டு ஆம்ப்பிலும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். 1 சதவீத வித்தியாசத்துக்குள் வந்தால் போதும், அது 0.1 டெசிபலுக்கும் குறைவு. ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு அளந்தால் வால்வு ஆம்ப்பில் எண் பொய்யாக வரும். 120 ஓம் தன் பங்கை எடுத்துக்கொள்வது சொருகினால்தான் தெரியும்.

சாலிட் ஸ்டேட் வாங்கும்போது பார்க்க வேண்டியவை அதிகம் இல்லை. அவுட்புட் இம்பீடன்ஸ் 1 ஓம் பக்கம், பெருக்கும் அளவை மாற்றும் லோ-ஹை கெய்ன் சுவிட்ச், குறைந்த இரைச்சல், உள்ளூரில் வாரண்டி. 2011-இல் நவ்ஏவிகை என்ற பெயரில் எழுதிய, யாரென்றே தெரியாத ஓர் எஞ்சினியர் ஓ2 என்ற ஆம்ப்பின் முழு வடிவமைப்பையும் வெளியிட்டார். சாதாரண ஆப்-ஆம்ப் சிப்களை வைத்தே மிகச் சுத்தமான ஆம்ப் கட்டலாம் என்று அளவீடுகளோடு காட்டினார். அடுத்த வருடம் ஷிட் ஆடியோவின் மேக்னி 99 டாலருக்கு வந்தது. அப்புறம் ஜேடிஎஸ் லேப்ஸின் ஆட்டம், டாப்பிங்கின் எல்30 என்று வரிசையாக வந்து, நல்ல ஆம்ப் என்பது விலை உயர்ந்த பொருளாக இல்லாமல் போனது. இவற்றுக்கிடையே உள்ள வித்தியாசத்தைச் சத்தம் சமன் செய்து கேட்டால் பிரிப்பது மிகக் கடினம். டிஏசியும் சேர்ந்தே வேண்டும் என்றால் ஃபியோ கே7 போன்ற ஒரே பெட்டி உங்கள் மேசைக்கு வசதி. 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்ட் ஜாக் இருக்கிறதே, அதற்குக் கேபிள் வாங்க வேண்டுமா என்று அடுத்து கேட்பீர்கள். பேலன்ஸ்ட் வழியில் வோல்டேஜ் இரட்டிப்பாகும், அவ்வளவுதான். உங்கள் இரண்டு ஹெட்ஃபோன்களுக்கும் சாதாரண ஜாக்கிலேயே தேவைக்கு மேல் இருக்கிறது.

‘வறட்டுச் சத்தம்’ என்று சாலிட் ஸ்டேட்டைச் சொல்கிறார்களே என்றால், பெரும்பாலும் அது பதிவின் குறை. எண்பதுகளில் டிஜிட்டலுக்கு மாற்றிய சில பதிவுகளும் கேசட்டிலிருந்து ஏற்றிய கச்சேரிகளும் அப்படித்தான் இருக்கும். நல்ல ஆம்ப் உள்ளதை உள்ளபடி தருகிறது. அது சில பதிவுகளுக்குச் சாதகமில்லை, அவ்வளவே.

வால்வு பக்கம் போனால் கவனம் அதிகம் வேண்டும். மூன்று வகை இருக்கின்றன. ஓடிஎல் பற்றி மேலே சொன்னேன்: பாட்டில்ஹெட் கிராக், டார்க்வாய்ஸ் 336எஸ்இ, லிட்டில் டாட்டின் சில மாடல்கள், போலந்தின் ஃபெலிக்ஸ் ஆடியோ செய்பவை. ஹெச்டி 650-க்கு இந்த வகைதான் பொருத்தம். இரண்டாவது, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்தது, நியூயார்க்கின் வூ ஆடியோ டபிள்யூஏ6 மாதிரி. குறைந்த ஓம் ஹெட்ஃபோனையும் ஓட்டும், ஆனால் நல்ல ட்ரான்ஸ்ஃபார்மர் விலை பிடிக்கும், எடையும் அதிகம். மூன்றாவது ஹைப்ரிட்: முன்னால் ஒரு வால்வு, பின்னால் ட்ரான்சிஸ்டர். ஷிட்டின் வாலி இந்த வகை. அவுட்புட் இம்பீடன்ஸ் குறைவாக இருப்பதால் சுந்தராவையும் ஓட்டும். ஆனால் மேலே சொன்ன அந்த 1 டெசிபல் மேடு இதில் வராது. குழைவுக்காக ஹைப்ரிட் வாங்கியவர்கள் ஏமாற்றமடைவது இதனால்தான். மலிவான சில பெட்டிகளில் வால்வுக்கு அடியில் ஆரஞ்சு நிற எல்இடி வைத்திருப்பார்கள். வால்வின் ஹீட்டர் வெளிச்சம் அவ்வளவு பளிச்சென்று இருக்காது. அந்த எல்இடியைப் பார்த்தால் வேறு கடைக்குப் போங்கள்.

டார்க்வாய்ஸிலும் கிராக்கிலும் அவுட்புட்டில் இருப்பது 6ஏஎஸ்7 அல்லது 6080. இந்த வால்வு முதலில் பாட்டுக்காகச் செய்யப்படவில்லை, பவர் சப்ளைகளில் வோல்டேஜை நிலையாக வைப்பதற்காகச் செய்யப்பட்டது. உள் ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைவு என்பதால் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாமலே 300 ஓம் ஹெட்ஃபோனை ஓட்ட முடிகிறது. அதற்கு ஒரு விலை உண்டு. ஹீட்டருக்கு மட்டும் 6.3 வோல்ட்டில் 2.5 ஆம்பியர், கிட்டத்தட்ட 16 வாட். மற்ற சூட்டையும் சேர்த்தால் மேசைமேல் ஒரு பெரிய குண்டு பல்பு எரிகிற மாதிரிதான். மே மாதத்தில் மூடிய அறையில் நன்றாகவே உணர்வீர்கள். குழந்தைகள் கை எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது.

மின்சாரத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டும். 220 வோல்ட்டுக்குச் சுற்றிய ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப்பை, ராத்திரி 250 வோல்ட் வரும் லைனில் போட்டால் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 7.1 வோல்ட்டுக்கு மேல் போகும். வால்வின் ஆயுள் குறையும். ஒரு நல்ல ஸ்டெபிலைசர் போடுங்கள். கரன்ட் போய் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டருக்கு மாறினால் ட்ரான்ஸ்ஃபார்மர் உறுமும், ஹெட்ஃபோனிலும் அது கேட்கும்; அந்த நேரத்துக்கு ஆம்ப்பை அணைத்துவிடுவது நல்லது. அமெரிக்காவிலிருந்து கிட் வரவழைத்தால் 230 வோல்ட்டுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். உள்ளே 150 வோல்ட்டுக்கு மேல் டிசி இருக்கும், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் தங்கியிருக்கும். சால்டரிங் பழக்கமில்லாதவர் கிட் பக்கம் போக வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

வால்வு மாற்றிப் பார்ப்பது ஒரு தனி மோகம். இன்று புதிதாக வருபவை பெரும்பாலும் ரஷ்யாவின் சராட்டோவ், ஸ்லோவாக்கியாவில் உள்ள ஜேஜே, அப்புறம் சீனத் தொழிற்சாலைகளிலிருந்து. 2022 மார்ச்சில் ரஷ்ய ஏற்றுமதி தடைபட்டபோது விலை சட்டென்று ஏறியது. நம் நாட்டிலும் செய்திருக்கிறார்கள். 1954-இல் பெங்களூரில் தொடங்கிய பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பெல்) ரேடியோ வால்வுகளை ஏராளமாகத் தயாரித்தது. பழைய ரேடியோ ரிப்பேர் கடைகளில் பெல் முத்திரை போட்ட இசிசி83 போன்றவை இன்னும் அகப்படுவதுண்டு. கிடைத்தால் டெஸ்டரில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். ஒரு வால்வு அதே வகையைச் சேர்ந்த இன்னொரு வால்விலிருந்து மாறுபடும் அளவு, பெரும்பாலும் மேலே சொன்ன 1 டெசிபல் மேட்டைவிடச் சிறியது. ஆம்ப்பின் விலைக்கே ஒரு வால்வு வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பணத்தில் இன்னொரு ஹெட்ஃபோன் வாங்கினால் கிடைக்கும் மாற்றம் பல மடங்கு.

பழைய ஆம்ப் ஒன்றைப் பார்க்கப் போனால் இப்படிச் சோதியுங்கள். குமிழ் முழுக்கக் கீழே, ஹெட்ஃபோன் சொருகாமல் ஆன் செய்யுங்கள். ஆன் ஆகும் கணத்தில் வரும் ‘தும்’ என்ற அடி ஹெட்ஃபோனுக்கு நல்லதில்லை. வால்வு சூடாக ஒன்றிரண்டு நிமிடம் விட்டு, அப்புறம் சொருகுங்கள். பாட்டு எதுவும் போடாமல் காது கொடுத்தால் 50 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்கிறதா என்று தெரியும். மிக மெல்லியதாக இருந்தால் பரவாயில்லை, பாட்டு ஓடும்போதும் கேட்டால் வேண்டாம். பென்சிலின் ரப்பர் முனையால் முன்னாலிருக்கும் சின்ன வால்வை மெதுவாகத் தட்டுங்கள். ‘டிங்’ என்று கேட்டு உடனே அடங்கினால் சாதாரணம். நீண்டு ஒலித்தாலோ கரகரத்தாலோ வால்வு மாற்ற வேண்டிய செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். பிறகு குமிழை மிகக் கீழே வைத்து இரண்டு காதிலும் சத்தம் சமமாக வருகிறதா பாருங்கள். இரவில் மெதுவாகக் கேட்பவருக்கு இது முக்கியம். கடைசியாக, விற்பவரிடம் ஹெச்டி 650-ஐயே கொண்டுபோய்ச் சொருகிக் கேளுங்கள். அவர் வைத்திருக்கும் வேறு ஹெட்ஃபோனில் அந்த ஆம்ப் எப்படி இருக்கிறது என்பது உங்களுக்குப் பயன்படாது.